மகள் ஏன் காதைப் பொத்திக்கொண்டாள்?

கேள்வி: எனக்கு வயது 41. இருபது வருடமாகக் கார் ஓட்டுகிறேன்; வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. சென்ற மாதம் குடும்பத்துடன் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் ஆம்புலன்ஸ் வந்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, பாட்டும் போட்டிருந்தோம். சைரன் சத்தம் சத்தியமாக என் காதில் விழவில்லை. பின்சீட்டில் என் ஒன்பது வயது மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் இப்படித்தான். 'சும்மா இரு' என்று அதட்டினேன். பிறகு இடதுபக்கம் இடம் கிடைத்ததும் ஒதுங்கிவிட்டேன். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இதற்குப் போய் கேமரா பதிவை வைத்துப் பத்தாயிரம் ரூபாய் அபராதம்! பாதி ஆம்புலன்ஸ்கள் காலியாகத்தான் அலறிக்கொண்டு போகின்றன. என் மாமனார் தனக்குத் தெரிந்த ஓர் அதிகாரியிடம் சொல்லி ரத்து செய்துவிடலாம் என்கிறார். மனைவியோ 'பேசாமல் கட்டிவிடுங்கள்' என்று சொன்னதோடு சரி, அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. காதில் விழாததற்குத் தண்டனையா? நான் வழக்காடலாமா? மனைவியை எப்படிச் சமாதானப்படுத்துவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மகள் ஏன் காதைப் பொத்திக்கொண்டாள்?

கடிதத்தில் அந்த வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதே கார், அதே ஏற்றிய கண்ணாடி, அதே ஏசி, அதே பாட்டு. பின்சீட்டில் இருந்த குழந்தைக்குத் தாங்க முடியாத அளவுக்குக் கேட்ட ஒரு சத்தம், முன்சீட்டில் இருந்த உங்களுக்குக் கேட்கவே இல்லை என்கிறீர்கள். பாட்டுச் சத்தத்துக்காகப் பொத்திக்கொண்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். பாட்டு பிடிக்காத பிள்ளை குறைக்கச் சொல்லும், இல்லாவிட்டால் மாற்றச் சொல்லும்.

அவள் 'ஏதோ' சொல்லிக்கொண்டிருந்தாளாம். என்ன சொன்னாள்? இருபது வருட அனுபவத்தை எழுத இடம் இருந்தது, கீறல் விழாத வண்டியைப் பற்றி எழுத இடம் இருந்தது, மகள் சொன்ன இரண்டு வார்த்தையை எழுத இடமில்லையா? இன்று இரவே அவளிடம் கேளுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே, மறந்திருப்பாள் என்று நினைக்காதீர்கள். அதட்டு வாங்கிய விஷயத்தைக் குழந்தைகள் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

ஆக, இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். சைரன் உங்களுக்குக் கேட்டது, இப்போது கேட்கவில்லை என்கிறீர்கள். அப்படியானால் அது பொய். இல்லை, உண்மையிலேயே கேட்கவில்லை; ஆனால் கேட்ட ஒருத்தி உங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைச் சொன்னாள், அவள் வாயை அடைத்துவிட்டீர்கள். பொய் சொன்னவரைக்கூட நான் மன்னித்துவிடுவேன், பத்தாயிரம் ரூபாய் சும்மா இல்லை. இரண்டாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காருக்குள் சைரன் மங்கலாகக் கேட்கும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. இன்றைய கார்கள் வெளிச்சத்தத்தைத் தடுப்பதற்கென்றே கட்டப்படுகின்றன. அதனால்தான் சில நாடுகளில், காருக்குள் இருப்பவர் உடம்பால் உணரும்படி அதிரும் தாழ்ந்த ஒலிச் சைரன்களையும் பொருத்துகிறார்கள். ஆனால் ஆம்புலன்ஸைச் செய்தவர்கள் உங்கள் காதை மட்டும் நம்பி அதைச் செய்யவில்லையே. கூரையில் சுழலும் விளக்கு எதற்கு? முன்பக்கத்தில் 'ஆம்புலன்ஸ்' என்ற ஆங்கில எழுத்துகளை இடவலமாகப் புரட்டி எழுதியிருக்கிறார்களே, எதற்கு? முன்னால் போகிறவர் தன் கண்ணாடியில் பார்த்தால் அது நேராகத் தெரிய வேண்டும் என்பதற்கு. அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் ஒரு தடவைகூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்றால், இத்தனை வருடம் கீறல் விழாததற்கு மற்ற வண்டிக்காரர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சட்டமும் காதைப் பற்றிப் பேசவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது 194இ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ, மாநில அரசு குறிப்பிடும் வேறு அவசர ஊர்தியோ நெருங்கும்போது சாலையோரம் ஒதுங்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'சத்தம் கேட்டால்' என்ற நிபந்தனை அதில் கிடையாது. வண்டி நெருங்குகிறதா, ஒதுங்கினாயா என்பதுதான் கேள்வி. சிறை என்ற வார்த்தையும் அந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அபராதத்தோடு போயிருக்கிறது.

'ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது' என்கிறீர்கள். இதயம் திடீரென்று நின்றுபோன ஒருவருக்கு, அதிர்ச்சி கொடுத்து மீண்டும் துடிக்கவைக்கும் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறக்குறைய ஏழு முதல் பத்து சதவீதம் குறைக்கிறது. இடையில் யாரும் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யாவிட்டால் கணக்கு இதுதான். ரத்தம் போகாத மூளை நான்கைந்து நிமிடங்களில் கெடத் தொடங்கிவிடும். உங்களுக்கு அபராதம் விதித்த அதே திருத்தத்தில்தான் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்பதையும் வரையறுத்து எழுதிவைத்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஆளுக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்?

காலி ஆம்புலன்ஸ் கதையையும் எனக்கு எழுதாதவர்கள் இல்லை. உள்ளே ஆள் இல்லாமல் சைரன் போட்டுப் போகிற வண்டி, ஆளை ஏற்றப் போகிறது. ஏற்றிக்கொண்ட நோயாளியின் பக்கத்தில் ஆக்சிஜனும் மருந்தும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்கிறார்கள். ஏற்றப்படாதவரின் பக்கத்தில் அழுதுகொண்டிருக்கும் வீட்டாரைத் தவிர யாருமில்லை. சைரனைத் தவறாகப் பயன்படுத்தும் ஓட்டுநர்களே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது காவல்துறையின் வேலை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நீங்கள் செய்ய வேண்டிய விசாரணை அல்ல.

வழக்காடலாமா என்றால், தாராளமாக வழக்காடலாம். அபராதத்தை மறுத்து நீதிமன்றம் போக உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒதுங்க உண்மையிலேயே இடமில்லை என்று கேமராப் பதிவில் தெரிந்தால் நீதிபதி கேட்பார். ஆனால் உங்கள் கடிதம் 'இடமில்லை' என்பதை வாதமாக வைக்கவில்லை, 'தெரியவில்லை' என்பதைத்தான் வைக்கிறது. அதை அங்கே போய்ச் சொல்லப்போகிறீர்களா? சொன்னால் அது வீட்டிலும் பேசப்படும், மகள் காதிலும் விழும். நடந்தது என்னவென்று அறிந்த ஒன்பது வயதுச் சாட்சி ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

உங்கள் மாமனாரைப் பற்றி ஒரு வார்த்தை. மருமகன் தலைக்கு வந்ததைத் தெரிந்த ஆள் மூலம் தலைப்பாகையோடு போகச் செய்வதுதான் பெரியவர் கடமை என்று நினைக்கும் தலைமுறை அது. அவர் வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேன், அது பெரிய மனிதர் செய்கிற காரியம் இல்லை. வீட்டில் மூத்தவர் இருப்பது, 'தப்புச் செய்தாய், போய்க் கட்டிவிட்டு வா' என்று சொல்வதற்கு. உங்கள் மனைவி தன் அப்பாவின் பேச்சை மறுத்து, பணத்தைக் கட்டச் சொன்னாரே, அந்த வீட்டில் பெரியவர் வேலையைச் செய்தவர் அவர்தான்.

அவர் ஏன் பேசுவதில்லை என்று கேட்கிறீர்கள். நீங்கள் எழுதாத ஒன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் புரிகிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றிய உங்கள் விவரிப்பில் மனைவியின் குரலே இல்லை. குழந்தைக்குக் கேட்ட சைரன் அவருக்கும் கேட்டிருக்கும். பிறகு ஏன் வாய் திறக்கவில்லை? 'நான் ஓட்டும்போது குறுக்கே பேசாதே' என்று எத்தனை வருடத்துக்கு முன்பு சொன்னீர்கள் என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். பெரியவள் எப்போதோ கற்றுக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள். சின்னவள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, அதனால்தான் சொல்லிப் பார்த்தாள். அன்று அவளுக்கும் பாடம் நடந்தது, அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உங்களோடு பேசப் பிடிக்காமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஓட்டுகிறவர் அப்பாவாக இருக்கலாம். அப்பாவை எச்சரிக்கக் கூடாது என்று ஒரு குடும்பத்தில் விதி இருந்தால், அந்தக் காரில் ஏறுகிற எல்லோருக்கும் அது ஆபத்து, வெளியே போகிறவர்களுக்கும் சேர்த்து.

ஆகவே மனைவியைச் சமாதானப்படுத்தும் வழியை என்னிடம் கேட்காதீர்கள். மகளிடம் போய், 'நீ சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை' என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். 'ஆனால்' என்று ஆரம்பிக்கிற ஒரு வாக்கியமும் பின்னால் வரக் கூடாது. 'எப்போதும் இப்படித்தான்' என்று இனி அவளைப் பற்றி யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

அடுத்த முறை வண்டி எடுக்கும்போது பாட்டைக் குறைத்து வையுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், சைரனோ விளக்கோ யாருக்கு முதலில் தெரிந்தாலும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று மகளிடமும் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்தால் பதறி நட்டநடுவில் பிரேக் போடாதீர்கள். இடது இண்டிகேட்டரைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, ஓரம் போய் நில்லுங்கள். இடதுபக்கம் அடைசலாக இருந்தால் இடம் தானாகக் கிடைக்கும் என்று காத்திராமல் இண்டிகேட்டர் போட்டுக் கேளுங்கள். ஒரு வண்டி நகர்ந்தால் பக்கத்து வண்டியும் நகரும். ஜெர்மனியில் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்து போகத் தொடங்கியதுமே, சைரன் கேட்பதற்கு முன்பே, இடது ஓர வரிசைக்காரர்கள் இடதுபக்கமும் மற்றவர்கள் வலதுபக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட வேண்டும் என்பது சட்டம். அங்கே 'கேட்கவில்லை' என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னொன்று: ஆம்புலன்ஸ் கடந்துபோனதும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நெரிசலில் புகுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ததாக எழுதவில்லை. செய்யவும் வேண்டாம்.

அபராதத்தை இந்த வாரமே கட்டிவிடுங்கள். கட்டியாகிவிட்டது, யாருக்கும் போன் செய்ய வேண்டாம் என்று மாமனாரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். அதற்கும் மனைவியைத் தூது அனுப்பாதீர்கள், தம்பி.