தரவை நேசிப்பவர்

கேள்வி: ஐயா, பேரங்காடி நிறுவனம் ஒன்றில் விற்பனைக் கணக்குகளை ஆராயும் பணியில் இருக்கிறேன். சங்கக் கூட்டத்தில், 'தேடல் மிக்கவன், தரவுகளை நேசிக்கும் வணிகத்துறையினன்' என்று என்னை அறிமுகம் செய்துகொண்டேன். யாருக்கும் புரியவில்லை. நான் பேசியது தமிழ்தானா?
(வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: தமிழ்தான். அதிலும் 'தரவு' என்றீர்களே, அதற்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். 'தகவல்' என்று எழுதினால் போதாதா என்று பல ஆண்டுகளாக என்னோடு வழக்காடும் வாசகர்கள் இருக்கிறார்கள். போதாது. ரப்பர்த் தோட்டத்துப் பால் கொட்டகையில் இன்று நிறுத்துப் பார்த்த எடை தரவு. மழையால் இந்த வாரம் பால் குறைந்துவிட்டது என்பது தகவல். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டால், எடையைத் தொட்டுப் பார்க்காமலே மழையைக் குறை சொல்லலாம்.

தரவு நேற்று முளைத்த கலைச்சொல்லும் இல்லை. ஒத்தாழிசைக் கலிப்பா என்னும் பழைய பாவகையில் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர். தாழிசை, தனிச்சொல், சுரிதகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அப்படியானால் சபையில் ஒருவர் எழுந்து முதலில் சொல்லும் சொல்லும் தரவுதான். நீங்கள் அங்கே எதைத் தந்தீர்கள்? இரண்டு அடைமொழிகளை.

கோலாலம்பூர் லெபோ அம்பாங் தெருவில் கிட்டங்கி என்னும் வட்டித்தொழில் கூடம் வைத்திருந்த நகரத்தாருக்கு, அதாவது செட்டியார்களுக்கு, அடைமொழி தேவைப்படவில்லை. விலாசம் போதும். குடும்பத்தார் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் சொன்னால், இன்ன வீட்டார், இன்ன கடை என்று எதிரில் இருப்பவருக்கு விளங்கிவிடும். பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை உதவியாளாகக் கப்பலில் வந்தவன், அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாவதற்குள் பேரேடும் ஐந்தொகையும் அவனுக்குக் கைவந்திருக்கும். கணக்கை நேசிக்கிறேன் என்று அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான்.

ஆனால் தரவை நேசித்தவர் என்றால் எனக்கு என் தாயார் நினைவுதான் வருகிறது. பால்மரம் சீவியவர், எழுதப் படிக்கத் தெரியாது. 1960களில் எங்கள் தோட்டத்தில் பாலை நிறுத்த பிறகு, தோட்டத்து எழுத்தரான கிராணி மெட்ரோலாக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்ப்பார். பாலில் பெரும்பகுதி நீர்தானே. கூலி அந்தக் கணக்கைப் பொறுத்தது. கிராணி சொல்லும் பவுண்டை அம்மா மனத்தில் வாங்கிக்கொண்டு வந்து, அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போடுவார். பத்துப் பவுண்டுக்கு ஒரு கோடு, மழை நாளுக்கு ஒரு வட்டம். ஒரு மாதம் செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் நான்கு நாள் எடை விடுபட்டிருந்தது. அம்மா என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். சுவரைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாதே. நான் ஒரு தாளில் கோடுகளைப் படியெடுத்து வைத்திருந்தேன். கிராணி தம் ஏட்டைப் புரட்டிப் பார்த்துத் திருத்தினார். பள்ளியில் கூட்டல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது எதற்கு என்று அன்றுதான் விளங்கியது. தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போதும் அந்தச் சுவரை மட்டும் அம்மா விட்டுவைக்கச் சொன்னார்.

தம்பி, உங்கள் தேடலில் எனக்கு ஐயமே இல்லை. இல்லாவிட்டால் ஒரு சொல்லுக்காக இப்படிக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். அடுத்த கூட்டத்தில், 'எந்தப் பொருள் எந்தக் கிழமையில் விற்காமல் தேங்குகிறது என்று பார்ப்பது என் வேலை' என்று சொல்லிப் பாருங்கள். ஏன் தேங்குகிறது என்று முன்வரிசையில் இருந்து ஒருவராவது கேட்பார். அவருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.