குறி தப்பாத பீரங்கி

கேள்வி: பழைய போர்க்கப்பல்களில் இருந்த, குறி தப்பாத ராட்சத பீரங்கிகளை வல்லரசுகள் ஏன் கைவிட்டன? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: 'குறி தப்பாத' என்பதை இதுவரை ஜோசியர் விளம்பரங்களில்தான் பார்த்திருக்கிறேன். பீரங்கிக்கும் வந்துவிட்டதா?

1916 மே 31. முதல் உலகப் போரில் பிரிட்டனும் ஜெர்மனியும் வடகடலில் மோதிய ஜட்லாண்ட் கடற்போர். இரு தரப்பிலும் மிக அதிகமாகச் சுட்டது பிரிட்டனின் 'நியூசிலாந்து' என்ற கப்பல். 12 அங்குல (குழல் வாயின் அகலம்) பீரங்கிகள் எட்டு. ஒரு குண்டு சுமார் 385 கிலோ. சுட்டவை 420. ஆமாம், நாம் யாரை அப்படிக் கூப்பிடுவோமோ அதே 420! எதிரிமேல் பட்டதாக அதன் கணக்கில் வரவானவை 4. மீதியெல்லாம் வடகடல் மீன்களுக்கு.

சுட்டவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 15 கிலோமீட்டர் தாண்டிப் போக குண்டுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் பிடிக்கும். 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடும் கப்பல் அதற்குள் 350 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். சுடுகிற கப்பலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் புகையும் மூட்டமும். குண்டு விழுந்து தண்ணீர் எழும்பும் இடத்தைப் பார்த்து அடுத்ததைத் திருத்த வேண்டும்.

அந்தக் கப்பலில் குறி தப்பாத சமாச்சாரம் வேறொன்று உண்டு. 1913இல் அது நியூசிலாந்து போயிருந்தபோது அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர் ஒருவர் கேப்டனுக்கு நாரில் செய்த பாவாடை ஒன்றைக் கொடுத்தார். சண்டையில் இதைக் கட்டிக்கொண்டால் கப்பலுக்கு ஆபத்து வராது என்று நம்பிக்கை. ஜட்லாண்டில் கப்பல்மேல் விழுந்தது ஒரே ஒரு குண்டு, ஆளுக்குச் சேதமில்லை.

நம் விற்பனைப் பிரிவு நண்பர் இதைப் படித்ததும் மாடியேறி வருவார். ராசிபலன் பக்கம் வேண்டுமென்று பல வருடமாக என்னோடு மல்லுக்கட்டுகிறவர். அன்று கூடவே போன, அதே அமைப்பில் கட்டிய 'இன்டிஃபேட்டிகபிள்' வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்களே ஐயா என்பேன். "அதில்தான் பாவாடை இல்லையே சார்!" என்பார். வெடிமருந்தைக் கையாண்ட லட்சணத்தைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவர் காதில் ஏறாது. எப்படியானாலும் ராசிபலன் கிடையாது.

அப்புறம், உங்கள் கேள்வி. பீரங்கியை ஓய்வுக்கு அனுப்பியது ஏவுகணை அல்ல, முதலில் விமானம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் 'யமாட்டோ' போர்க்கப்பலில் இருந்தவை 46 செ.மீ. பீரங்கிகள்; 42 கிலோமீட்டர் எட்டும். 1945 ஏப்ரல் 7 அன்று அதை மூழ்கடித்த விமானங்களை அனுப்பிய அமெரிக்கக் கப்பல்கள் அந்த எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தன. 42 எட்டி என்ன, 50 எட்டி என்ன?

அதற்குப் பிறகும் அமெரிக்கா 'மிசூரி', 'விஸ்கான்சின்' இரண்டின் 16 அங்குல பீரங்கிகளை 1991 வளைகுடாப் போர் வரை வைத்துச் சுட்டது. கரையை நோக்கித்தான், கரை ஓடாது பாருங்கள். குறி பார்க்க ஆளில்லாச் சிறு விமானங்களை அனுப்பினார்கள். அந்த விமானம் தலைக்குமேல் வந்தால் அடுத்து என்ன வரும் என்று குவைத்தின் ஃபைலாகா தீவிலிருந்த ஈராக்கிய வீரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்தே வெள்ளைத் துணியை ஆட்டிச் சரணடைந்துவிட்டார்கள்.