ஒன்பது ட்ரையலில் எதை எடுப்பது?

கேள்வி: 6 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் சி.ஓ.2 வெல்டிங் செய்கிறோம். கரண்ட், வோல்டேஜ், டார்ச் வேகம் மூன்றையும் மும்மூன்று அளவில் மாற்றி, டகுச்சியின் எல்9 அட்டவணைப்படி (எல்லாச் சேர்க்கையையும் போடாமல் ஒன்பதை மட்டும் தேர்ந்தெடுக்கும் அட்டவணை) 9 பட் ஜாயின்ட் (விளிம்போடு விளிம்பு சேர்த்த இணைப்பு) போட்டுப் பார்த்தோம். ஒன்றில் பெனிட்ரேஷன் (வெல்ட் உருகி இறங்கும் ஆழம்) நன்றாக இருக்கிறது, இன்னொன்றில் ஸ்பேட்டர் (தெறித்து ஒட்டும் உலோகத் துளிகள்) குறைவு, வேறொன்றில் இழுவிசை வலிமை கூடுதல். "டாப்சிஸ் போட்டால் ஒரே விடை வந்துவிடும்" என்கிறான் மகன். நம்பலாமா? (ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்தும் வாசகர், துவாக்குடி)

பதில்: போடலாம். பல அம்சங்களைச் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாக்கி வரிசைப்படுத்தும் கணக்குமுறைதான் டாப்சிஸ். ஆனால் எக்செல்லைத் திறக்குமுன் இரண்டு வேலை இருக்கிறது.

முதலில், விரிசலோ வேர் (ஜாயின்டின் அடிப்பகுதி) உருகாத இடமோ உள்ள பிளேட்டுகளை ஒதுக்கிவிடுங்கள். டாப்சிஸில் ஒரு பக்கக் குறையை மறுபக்க நிறை ஈடுகட்டிவிடும். வேர் பிடிக்காத ஜாயின்ட்கூட ஸ்பேட்டர் இல்லை என்பதற்காக மேலே ஏறி வரலாம்!

அடுத்து, இழுவிசைச் சோதனையில் பிளேட் எங்கே அறுந்தது என்று பாருங்கள். வெல்டுக்கு வெளியே அறுந்திருந்தால் நீங்கள் அளந்தது பிளேட்டின் வலிமையை. அந்த எண்களில் தெரியும் சின்ன வித்தியாசம் செட்டிங்கால் வந்தது அல்ல. இழுவிசை எண்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். பலரும் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 1981-இல் ஹுவாங், யூன் இருவரும் கொடுத்த முறை இது. எல்லா அம்சத்திலும் சிறந்த எண்களைச் சேர்த்து ஒரு கற்பனைச் செட்டிங், மோசமானவற்றைச் சேர்த்து இன்னொன்று. முதலாவதற்கு நெருக்கமாகவும் இரண்டாவதிலிருந்து தள்ளியும் இருப்பதே ஜெயிக்கும். உதாரணத்துக்கு மூன்று செட்டிங் என்று வைத்துக்கொள்வோம்: பெனிட்ரேஷன் 2, 3, 4 மி.மீ.; ஸ்பேட்டர் 2, 3, 6 கிராம். பெனிட்ரேஷனுக்கு 0.6, ஸ்பேட்டருக்கு 0.4 என்று எடை (எது எவ்வளவு முக்கியம் என்பதற்கான எண்) கொடுத்தால் மதிப்பெண் 0.51, 0.62, 0.49, நடுவில் உள்ளது முதலிடம். எடையை 0.9, 0.1 என்று மாற்றுங்கள். இப்போது 0.15, 0.51, 0.85, கடைசியில் இருந்தது முதலுக்கு வந்துவிட்டது. ட்ரையல் எண் எதுவும் மாறவில்லை.

அதனால் எடையை, முடிவு தெரியுமுன் எழுதி வைத்துவிடுங்கள். பாரம் தாங்கும் பிராக்கெட் என்றால் பெனிட்ரேஷனுக்கு அதிகம்; கண்ணில் படும் கிரில், கேட் என்றால் ஸ்பேட்டர் குறைந்தால் கிரைண்டிங் கூலி மிச்சம் என்பதால் ஸ்பேட்டருக்கு அதிகம். அதை முடிவு செய்ய வேண்டியது நீங்களும் உங்கள் வெல்டரும்தான், மகனின் லேப்டாப் அல்ல. அப்புறம், எடையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தியும் அதே செட்டிங் முதலில் நின்றால் தைரியமாக எடுக்கலாம்.

டாப்சிஸ் நீங்கள் போட்ட ஒன்பதுக்குள் மட்டும்தான் வரிசைப்படுத்தும். 180, 200, 220 ஆம்பியரில் போட்டிருந்தால் 210 எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. முதலில் வந்த செட்டிங்கில் இன்னும் மூன்று பிளேட் போடுங்கள். ஒன்றை வளைத்துப் பாருங்கள். ஒன்றைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் செய்து, நைட்டால் (நைட்ரிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த கரைசல்) தடவி வேரைப் பாருங்கள். மூன்றாவதை வேறொரு வெல்டர் போடட்டும்.