இழுத்தாலும் விரியாத திரை: மெய்நிகர் கணினி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பல்லவிதான்: "புதிய பதிப்புக்கு மாறினேன், திரை சிறுத்துவிட்டது." எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, உள்ளே ஓடுவது எந்த இயங்குதளம் என்ற மூன்றையும் எழுதியவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. எழுதாதவர்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஊகம் தவறினால் என்னைக் குறை சொல்ல வேண்டாம். புதியவர்களுக்கு ஒரு வரி: மெய்நிகர் கணினி என்பது உங்கள் கணினிக்குள் மென்பொருளால் ஓட்டும் இன்னொரு கணினி. வெளியே இருப்பது ஹோஸ்ட், உள்ளே ஓடுவது கெஸ்ட். விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம், ஹைப்பர்-வி, விஎம்வேர் எல்லாம் அதை ஓட்டும் மென்பொருள்கள்.

கே: விர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்தேன். உள்ளே இருக்கும் உபுண்டு 800-க்கு 600 அளவிலேயே நிற்கிறது. சாளரத்தை இழுத்தால் சுற்றிலும் கறுப்புதான் விரிகிறது.

ப: வெளியே இருப்பதைப் புதுப்பித்தீர்கள். உள்ளே இருக்கும் கெஸ்ட் அடிஷன்ஸை, அதாவது ஹோஸ்டோடு ஒத்துழைக்கக் கெஸ்டுக்குள் நிறுவும் இயக்கிகளின் (டிரைவர்) தொகுப்பை, யார் புதுப்பிப்பது? சாளரத்தை நீங்கள் இழுக்கும்போது ஹோஸ்ட் "இனி உன் அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு" என்று ஒரு குறிப்பு அனுப்புகிறது, அவ்வளவுதான். அதைக் கேட்டுத் திரையை மாற்றும் ஆள் கெஸ்டுக்குள் விழித்திருக்க வேண்டும். அடிஷன்ஸை மீண்டும் நிறுவுங்கள். அதற்கு முன் ஜிசிசி, மேக் ஆகிய நிரல் தொகுக்கும் கருவிகளோடு, இப்போது ஓடும் கெர்னலுக்கே (இயங்குதளத்தின் கரு) உரிய ஹெடர் தொகுப்பும் (இயக்கியைக் கெர்னலோடு பொருத்தத் தேவையான கோப்புகள்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹெடர் இல்லாவிட்டால் நிறுவி ஒரே ஒரு வரியில் முனகிவிட்டு முடிந்துவிடும். அந்த வரியைப் படிக்காமல் முனையத்தை (டெர்மினல்) மூடுவதுதான் நம் மக்களின் வழக்கம். முதலில் ஸ்னாப்ஷாட் (ஏதாவது கெட்டால் திரும்பி வருவதற்காகச் சேமிக்கும் கெஸ்டின் இப்போதைய நிலை) எடுத்துக்கொள்ளுங்கள்.

கே: 'தானாக அளவு மாற்று' என்ற மெனு வரி மங்கலாக இருக்கிறது, சொடுக்க முடியவில்லை.

ப: உள்ளே அடிஷன்ஸ் ஓடவில்லை என்று மெனுவே உங்களுக்குச் சொல்கிறது. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கே: கெஸ்ட் விண்டோஸ் 10. டிவைஸ் மேனேஜரில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று காட்டுகிறது.

ப: அடிஷன்ஸின் திரை இயக்கி ஏறவில்லை. மறுபடி நிறுவுங்கள், பிறகு மறுதொடக்கம்.

கே: ஒரு காணொளியில் சொன்னபடி லினக்ஸ் கெஸ்டின் கிராபிக்ஸ் கன்ட்ரோலரை விபாக்ஸ்எஸ்விஜிஏ என்று மாற்றினேன். உடனே சரியாகிவிட்டது. அடுத்த மேம்படுத்தலுக்குப் பிறகு கறுப்புத் திரைதான் வருகிறது. ஏன்?

ப: இந்தக் காணொளி வைத்தியத்தைப் பற்றி எழுதி எழுதி என் கை ஓய்ந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை.

கன்ட்ரோலர் என்பது கெஸ்டுக்குக் காட்டும் பாவனைத் திரை அட்டை. 2018 டிசம்பரில் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 பதிப்பிலிருந்துதான் புதிதாக உருவாக்கும் லினக்ஸ் கெஸ்டுகளுக்கு விஎம்எஸ்விஜிஏ என்ற கன்ட்ரோலர் இயல்பானது. விண்டோஸுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ. மிகப் பழைய இயங்குதளங்களுக்கு விபாக்ஸ்விஜிஏ. இதை யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பொருந்தாததைத் தேர்ந்தெடுத்தால் அமைப்புகள் சாளரத்தின் அடியிலேயே எச்சரிக்கை வரும். அதையும் மீறித்தானே 'சரி' அழுத்தினீர்கள்?

மாற்றியதும் ஏன் சரியானது என்று கேட்பீர்கள். விஎம்எஸ்விஜிஏ என்பது விஎம்வேரின் திரை அட்டையைப் போல நடிப்பது. அதை ஓட்டும் இயக்கி லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது. அளவுக் குறிப்பை அதன் காதில் போட அடிஷன்ஸின் ஒரு சிறு நிரல் வேண்டும். விபாக்ஸ்எஸ்விஜிஏவுக்கு மாறினால் வேறொரு இயக்கி வந்து உட்காருகிறது, குறிப்பும் வேறு வழியில் போகிறது. அந்த வழியில் அன்றைக்குத் தடை இல்லை, அதனால் ஓடியது. பாதியில் நின்ற உங்கள் அடிஷன்ஸ் நிறுவல் அப்படியேதான் கிடந்தது. அடுத்த கெர்னல் வந்ததும் இந்த வழியும் அடைபட்டது. கால் வலிக்குச் செருப்பை மாற்றிய கதை.

நானும் ஒரு காலத்தில் ஒரே மாலையில் மூன்று கன்ட்ரோலரையும் மாற்றி மாற்றிப் பார்த்தவன்தான். கடைசியில் பார்த்தால் ஹெடர் தொகுப்பு ஒன்று விடுபட்டிருந்தது. நிறுவலின் பதிவுக் கோப்பில் அது முதலிலிருந்தே எழுதியிருந்தது. படித்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

நீங்கள் செய்ய வேண்டியது: கெஸ்டை முழுவதுமாக அணையுங்கள். ஸ்னாப்ஷாட். விஎம்எஸ்விஜிஏவுக்குத் திரும்புங்கள். அடிஷன்ஸை நிறுவி, பதிவுக் கோப்பைப் படியுங்கள். அதன் பிறகும் திரை மாறவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், காணொளிக்காரருக்கு அல்ல.

கே: லினக்ஸ் விநியோகத்தின் களஞ்சியத்திலிருந்தும் அடிஷன்ஸ் நிறுவினேன், ஐஎஸ்ஓ வட்டிலிருந்தும் நிறுவினேன். பாதகம் உண்டா?

ப: உண்டு. ஒரு உறையில் இரண்டு கத்தி வேண்டாம். இரண்டையும் நீக்கி, மறுதொடக்கம் செய்து, ஒன்றை மட்டும் நிறுவுங்கள். களஞ்சியத்துத் தொகுப்பு, அதாவது விநியோகமே இணையத்தில் தருவது, கெர்னல் புதுப்பிப்புகளோடு ஒத்துப்போகும். உங்கள் விர்ச்சுவல்பாக்ஸ் மிகப் புதியது என்றால் அதோடு வரும் ஐஎஸ்ஓ வட்டு நல்லது.

கே: 4கே திரை வாங்கினேன். கெஸ்ட் ஓரளவு வரை பெரிதாகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. மேம்படுத்தல்தான் காரணமா?

ப: இல்லை, கணக்குதான் காரணம். 3840-ஐ 2160-ஆல் பெருக்கி, ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று போடுங்கள். 33 எம்பி வருகிறது. வீடியோ நினைவகம் 16 எம்பி என்றிருந்தால் எங்கே கொள்ளும்? கெஸ்டை அணைத்துவிட்டு 128 ஆக்குங்கள்.

கே: திரை முழுவதும் நிறைகிறது, ஆனால் எழுத்து மங்கலாக இருக்கிறது.

ப: ஸ்கேல்டு மோடில் இருக்கிறீர்கள். அது படத்தை இழுத்து நீட்டுவது. ஹோஸ்ட் விசையோடு (விர்ச்சுவல்பாக்ஸ் தனக்கென ஒதுக்கிய விசை) சி அழுத்தி வெளியே வாருங்கள்.

கே: கேவிஎம், விர்ட்-மேனேஜர், ஸ்பைஸ் திரை. உள்ளே எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். கெஸ்டை மேம்படுத்திய பிறகு சாளரத்தோடு சேர்ந்து திரை மாறுவதில்லை.

ப: விவரமாக எழுதியதற்கு நன்றி. ஸ்பைஸ் என்பது கெஸ்டின் திரையை உங்கள் சாளரத்துக்குக் கொண்டுவரும் முறை. அதற்காகக் கெஸ்டுக்குள் ஓடும் ஸ்பைஸ் ஏஜென்டுக்கு இரண்டு பகுதி உண்டு: கணினி முழுமைக்குமான சேவை ஒன்று, நீங்கள் உள்நுழையும்போது உங்கள் பெயரில் தொடங்குவது இன்னொன்று. சேவை ஓடுகிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். மெய்நிகர் வன்பொருள் பட்டியலில் ஸ்பைஸ் சேனல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவை சரியென்றால் ஒரு சோதனை: சாளரத்தைப் பெரிதாக்கிவிட்டு, முனையத்தில், திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கட்டளையை 'ஆட்டோ' என்ற தெரிவோடு திரைக்குக் கொடுங்கள். திரை துள்ளி விரிந்தால் குறிப்பு உள்ளே வந்து சேர்கிறது, டெஸ்க்டாப்தான் கண்டுகொள்ளவில்லை என்று பொருள். க்னோம் டெஸ்க்டாப் தானாகவே மாற்றிக்கொள்ளும். இலகுவான டெஸ்க்டாப்புகள் எல்லாம் அப்படி அல்ல.

உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இல் ஸ்பைஸே நீக்கப்பட்டுவிட்டது. 8-இலிருந்து ஹோஸ்டை மாற்றப்போகிறவர்கள் முன்கூட்டியே யோசியுங்கள்.

கே: எக்ஸ்ரேண்டரால் அளவை மாற்ற முடியவில்லை. கட்டளை கெட்டுவிட்டதா?

ப: கட்டளை நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் வேலண்ட் என்ற புதிய திரை முறையில் இருக்கிறீர்கள், அங்கே அதன் அதிகாரம் செல்லாது. டெஸ்க்டாப்பின் திரை அமைப்புகளில் மாற்றுங்கள்.

கே: ஹைப்பர்-வியில் உபுண்டு. கிரப்பில் (லினக்ஸை ஏற்றும் தொடக்க நிரல்) 'ஹைப்பர்வி-எஃப்பி' என்று எழுதி அளவைக் குறித்திருந்தேன். கெர்னல் மாறியதும் அதை மதிப்பதில்லை.

ப: நீங்கள் எழுதிய கடிதம் வீடு மாறிப்போனவருக்கு. அந்த வரி பழைய இயக்கிக்கு உரியது. கெர்னல் 5.14-இல் ஹைப்பர்வி-டிஆர்எம் என்ற புதிய இயக்கி வந்தது. அது ஏறியிருந்தால் பழைய வரியை யாரும் படிப்பதில்லை. வரியை நீக்கிவிட்டு டெஸ்க்டாப்பின் அமைப்பிலேயே அளவைத் தேர்ந்தெடுங்கள். வேண்டிய அளவு பட்டியலில் இல்லை என்றால் கெஸ்டை அணைத்து, ஹோஸ்டின் பவர்ஷெல்லில் செட்-விஎம்வீடியோ கட்டளையால் உச்ச அளவை உயர்த்துங்கள். ஸ்னாப்ஷாட்டுக்கு அங்கே செக்பாயிண்ட் என்று பெயர். அதையும் எடுங்கள்.

கே: விஎம்வேரில் ஓப்பன்-விஎம்-டூல்ஸ் இருக்கிறது, ஆனாலும் திரை அசைவதில்லை.

ப: அது விஎம்வேருக்கான அடிஷன்ஸ் போன்றது. 'டெஸ்க்டாப்' என்று முடியும் அதன் துணைத் தொகுப்பையும் நிறுவுங்கள். திரை வேலை அதில்தான் இருக்கிறது.

கே: திரை சரியில்லை. உதவவும்.

ப: கேள்வியும் சரியில்லை.

கே: அடிஷன்ஸைப் புதுப்பித்தேன், எல்லாம் சரியாக நிறுவியதாகவே சொல்கிறது. மறுநாள் திறந்தால் பழைய அளவேதான்.

ப: நீங்கள் கெஸ்டை அணைப்பதே இல்லை என்று நினைக்கிறேன். மூடும்போது 'நிலையைச் சேமி' என்று கொடுத்துவிட்டு, மறுநாள் அதே உறக்கத்திலிருந்து எழுப்புகிறீர்கள். நினைவகத்தில் இருப்பது நேற்றைய இயக்கி. கெஸ்டுக்குள் போய் முறையாக அணைத்து, மறுபடி தொடக்கத்திலிருந்து ஏற்றுங்கள்.