‘வேலைக்குப் போக மாட்டேன், கண்டுபிடிப்பேன்’ என்கிற மகன்

அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் இ.இ.இ. (மின் மற்றும் மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு. வீட்டு சீலிங் ஃபேனைக் கழற்றி மூன்று வாரமாக மேசை மேல் பரப்பி வைத்திருக்கிறான். மின்வாரியத் தேர்வுக்குப் படி என்றால், “யாரிடமும் கைகட்டி நிற்க மாட்டேன், கண்டுபிடிப்பேன், கம்பெனி ஆரம்பிப்பேன்” என்கிறான். வாயைத் திறந்தால் எடிசன், டெஸ்லா. நீங்களோ கூடுவாஞ்சேரியில் லோக்கல் ரயில் ஏறி எழும்பூரில் வேலை பார்த்து ஃபீஸ் கட்டுகிறீர்கள். “திட்டுவதா, விடுவதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

திட்ட வேண்டாம். ஆனால் எடிசன், டெஸ்லா கதைகளை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். அவற்றில் பாதி புராணமாகிவிட்டது. அவனுக்கு நான் வேறொரு ஆளைச் சொல்வேன். நீங்கள் தினமும் ஏறும் ரயில் அவர் யோசனையில்தான் ஓடுகிறது. பெயர் ஃப்ராங்க் ஸ்பிரேக். 1857-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். கடற்படைக் கல்லூரியில் படித்து 1878-இல் வெளியே வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த மனிதரும் முதலில் சம்பளத்துக்குத்தான் வேலை பார்த்தார். 1882-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த மின்சாரக் கண்காட்சிக்குக் கடற்படைதான் அவரை அனுப்பியது. நடுவர் குழுவுக்குச் செயலாளர் வேலை. டைனமோக்களையும் (மின்சாரம் உண்டாக்கும் இயந்திரங்கள்) விளக்குகளையும் கிட்ட நின்று சோதித்து அறிக்கை எழுத வேண்டும். அந்த நாட்களில் லண்டன் சுரங்க ரயிலில் போய்வந்தார். நீராவி இன்ஜின், சுரங்கம் முழுக்கப் புகை. இதை மின்சாரத்தில் ஓட்டினால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிடித்துக்கொண்டது.

அடுத்த வருஷம் கடற்படையை விட்டு எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஊருக்கு மின்சாரம் கொடுக்க எங்கே எவ்வளவு தடிமனான கம்பி வேண்டும் என்பதை அதுவரை பெரும்பாலும் செய்து பார்த்துத்தான் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பிரேக் உட்கார்ந்து கணக்குப் போட்டார். (உங்கள் மகன் கணிதத்தில் அரியர் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். இந்த வரியை அவனிடம் படித்துக் காட்டுங்கள்.) ஆனால் எடிசனின் மனசு விளக்கில் இருந்தது, இவருடைய மனசு மோட்டாரில். 1884-இல் விலகித் தனிக் கம்பெனி தொடங்கினார். எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன்தான் பக்கபலம்.

ரயில்தான் கனவு. ஆனால் கம்பெனிக்கு முதலில் சோறு போட்டது பட்டறைகளுக்கு விற்ற சாதாரண மோட்டார். சுமை ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வேகத்தில், தீப்பொறி பறக்காமல் சுற்றும் மோட்டார். எடிசனே அதைப் பாராட்டினார். ‘கனவுக்கு ஒரு பொருள், வயிற்றுக்கு ஒரு பொருள்’ என்று என்னிடம் வருகிற பையன்களிடம் நான் அடிக்கடி சொல்வதற்கு இவர்தான் காரணம்.

அப்புறம் வந்தது ரிச்மண்ட். 1887-இல் வர்ஜீனியாவின் அந்த ஊரில் டிராம் போடுவதற்கு ஒப்பந்தம்: 12 மைல் பாதை, 40 வண்டிகள், 80 மோட்டார்கள், அவற்றுக்கான மின் நிலையம். எல்லாம் 90 நாளில் முடிய வேண்டும். 1,10,000 டாலர், அதுவும் திருப்தியாக ஓடினால்தான். கையெழுத்துப் போட்டபோது இவர் கையில் இருந்தது கொஞ்சம் சோதனையும் நிறைய வரைபடமும்தான். போட்ட கையோடு டைபாய்டு வந்து படுத்துவிட்டார். எழுந்து போய்ப் பார்த்தால் பாதையில் பத்து சதவீதம் வரை சரிவு. மேடு ஏற முடியுமா என்று அவருக்கே தெரியவில்லை.

ஒருநாள் இரவு உதவியாளர் கிரீனோடு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். வண்டி திக்கித் திணறி மேடு ஏறிவிட்டது. ஆனால் மோட்டார் வெந்துபோய் நின்றது. சுற்றிலும் கூட்டம். ஸ்பிரேக் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, “சர்க்யூட்டில் சின்னக் கோளாறு, கருவிகளைக் கொண்டு வா” என்று கிரீனை அனுப்பினார். விளக்கை அணைத்துவிட்டு இருக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு, நெடுநேரம் கழித்துக் கருவிகள் வந்தன: நான்கு கோவேறு கழுதைகள். மின்சார வண்டியைக் கழுதை கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

தொழில்முனைவோர் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த மாதிரி இரவைச் சொல்வதில்லை. உங்கள் மகனுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

1888 பிப்ரவரி 2-ஆம் தேதி டிராம் ஓடத் தொடங்கியது. ஒப்பந்தத்தில் கைக்காசு போனது. ஆனால் பாஸ்டனில் டிராம் கம்பெனி நடத்திய ஹென்றி விட்னி பார்க்க வந்தபோது, இரவில் 22 வண்டிகளை ஒரே இடத்தில் வரிசையாக நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பிக் காட்டினார். விளக்குகள் மங்கின, மின் நிலையம் தாங்கியது. விட்னி மின்சாரத்துக்கு மாறினார். மற்ற ஊர்களும் பின்னாலேயே வந்தன. இரண்டே வருஷத்தில் எடிசன் ஜெனரல் எலக்ட்ரிக் இவர் கம்பெனியை வாங்கியது. பொருள்களிலிருந்து ஸ்பிரேக் பெயரும் போனது. அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்தது.

அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. மின்சார லிஃப்ட் செய்தார், அந்தத் தொழிலையும் 1895-இல் ஓட்டிஸ் கம்பெனிக்கு விற்றார். லிஃப்டை ஒரு சின்ன சுவிட்சால் தூரத்திலிருந்து கட்டுப்படுத்த முடிகிறதே, ரயிலில் ஒவ்வொரு பெட்டியும் ஒரு லிஃப்ட் என்று வைத்துக்கொண்டால் என்ன? பல பெட்டிகளில் மோட்டார், பெட்டிக்குப் பெட்டி மெல்லிய கட்டுப்பாட்டுக் கம்பி. முன்னால் இருக்கிற ஒருவர் பிடியைத் திருப்பினால் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். 1897-இல் சிகாகோவில் தூண்கள் மேல் போட்ட பாதையில் ஓடும் மேல்தட ரயிலுக்கு இதைச் செய்து தர ஒப்புக்கொண்டார். செய்ய முடியாவிட்டால் என்று 1,00,000 டாலருக்குப் பிணை எழுதிக் கொடுத்தார். சோதனை ஓட்டத்தில் ஆறு பெட்டி ரயிலை ஓட்டியது அவருடைய பத்து வயது மகன் டெஸ்மண்ட். ஒரு பொடியன் ஓட்ட முடிந்தால் யாரும் ஓட்டலாம் என்று அதற்கு மேல் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நம் லோக்கல் மின்சார ரயிலை இ.எம்.யூ. (எலக்ட்ரிக் மல்டிபிள் யூனிட்) என்று சொல்கிறோமே, அதில் வரும் ‘மல்டிபிள் யூனிட்’ இதுதான். 1931-இல் சென்னை கடற்கரை – தாம்பரம் பாதைக்கு வந்தது இந்த வகை மின்சார ரயில். தாம்பரத்தில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டாமல் ரயில் அப்படியே திரும்பிப் போவதும் இதனால்தான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம்.

படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போகட்டும். ஆனால் எந்த வேலை என்பதில் அவன் பிடிவாதம் பிடிக்கலாம், நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர், இன்வெர்ட்டர் என்று சாமான் கையில் படுகிற இடமாக இருக்க வேண்டும். எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறையாக இருந்தாலும் சரி. எரிந்துபோன நூறு மோட்டாரைப் பிரித்தவனுக்கு மோட்டார் ஏன் எரிகிறது என்று தெரியும். பட்டதாரிகளுக்கான ஒரு வருஷ அப்ரண்டிஸ் பயிற்சியும் இருக்கிறது. சம்பளம் அதிகம் என்று சம்பந்தமில்லாத சாஃப்ட்வேர் வேலைக்குத் தள்ளிவிடாதீர்கள். மின்வாரிய வேலை நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருந்துகொண்டு பக்கத்தில் கம்பெனி நடத்த முடியாது. அது தெரிந்தே தேர்வு எழுதட்டும். எம்.இ. படிக்க ஆசை இருந்தால் கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி, பவர் எலக்ட்ரானிக்ஸ் பக்கம் போகட்டும்.

வேலையில் சேரும்போது ஒப்பந்தத்தை வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள். வேலைக்காலத்தில் கண்டுபிடிப்பது கம்பெனிக்குச் சொந்தம் என்று பல இடங்களில் எழுதியிருக்கும்.

இன்னொன்று, இதில் நான் நேரில் பார்த்த வேதனை உண்டு. என்னிடம் வந்த ஒரு மாணவர் நல்ல கருவி ஒன்றைச் செய்து, கல்லூரிக் கண்காட்சியில் வைத்து, யூடியூபில் உள்சுற்று முழுவதையும் விளக்கி வீடியோவும் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் பேட்டண்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) கேட்க வந்தார். ஊரறியக் காட்டிய பிறகு அது ‘புதியது’ ஆகாது. முதலில் தற்காலிக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தனிநபருக்கு ஆன்லைனில் அடிப்படைக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம். அதற்குத் தனிச் செலவு, ஏஜென்ட் வைத்தால் இன்னும் கூடும். கிடைத்தால் 20 வருஷ உரிமை. தற்காலிக விண்ணப்பம் போட்ட மறுநாள் வீடியோ போடட்டும், நானே லைக் போடுகிறேன்.

பணம் பற்றி: வீட்டையும் நகையையும் அடகு வைக்கச் சம்மதிக்காதீர்கள். கல்விக் கடனை அடைத்து, கையில் ஒரு வருஷச் செலவுக்குப் பணம் சேர்ந்த பிறகு கம்பெனியைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஸ்பிரேக் மாதிரி 90 நாள் கெடுவுக்குக் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பலித்தது. அவருக்குப் பின்னால் ஒரு ஜான்சன் இருந்தார். உங்கள் மகனுக்குப் பின்னால் இருப்பது நீங்கள் மட்டும்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனை உங்களோடு தாம்பரம் வரை கூட்டிப் போங்கள். கூரையில் பாண்டோகிராஃப் (மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டம்) இருக்கும் பெட்டியில் ஏறுங்கள். மோட்டார் அந்தப் பெட்டிக்கு அடியில்தான் இருக்கும். மேலே கம்பியில் 25,000 வோல்ட். அது எப்படி இறங்கி, எங்கே மாறி, சக்கரத்தைச் சுற்றுகிறது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொல்லுங்கள். எந்த இடத்தில் திக்குகிறான் என்று குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், அங்கிருந்து தொடங்குவோம். அதற்கு முன்னால் அந்த ஃபேனை மாட்டச் சொல்லுங்கள், வெயில் ஏறிவிட்டது.