முதலில் பெரியம்மா, அப்புறம் முத்திரை

கேள்வி: எட்டு வருடமாக உதவி இயக்குநர். என் இரண்டு குறும்படங்களைப் பார்த்தவர்கள், தனி பாணி தெரிகிறது என்கிறார்கள். முதல் படத்துக்கு, காலமான என் பெரியப்பா எழுதி அச்சாகாமல் போன குறுநாவலைத் திரைக்கதை ஆக்கியிருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் அவர் வீட்டில் தங்கித்தான் படித்தேன். பெரியம்மா இப்போது கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார், மகள் பெங்களூரில். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பெயர்களையும் முடிவையும் மாற்றிவிட்டேன். ‘சொந்தச் சரக்கு இருக்கிறவன் அடுத்தவர் கதையை எதுக்குத் தொடணும்?’ என்கிறார்கள் நண்பர்கள். முத்திரை உள்ள இயக்குநர் பிறர் படைப்பைத் தழுவலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தழுவலாம். உமாசந்திரனின் நாவலை எடுத்துத்தான் மகேந்திரன் ‘முள்ளும் மலரும்’ (1978) செய்தார். மறுவருடம் புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து ‘உதிரிப்பூக்கள்’. இரண்டையும் பார்க்கிறவர் மகேந்திரன் படம் என்றுதான் சொல்வார். பூமணியின் ‘வெக்கை’தான் வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019). அமெரிக்க இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்கின் பெரும்பாலான படங்கள் நாவல்களிலிருந்து வந்தவை. ‘தி ஷைனிங்’ நாவலை எழுதிய ஸ்டீபன் கிங்குக்குக் கூப்ரிக் எடுத்த படம் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். படத்துக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. உங்கள் நண்பர்கள் பேசுவது டீக்கடைப் பேச்சு, விடுங்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ‘படித்துவிட்டுத் தருகிறேன்.’

படித்தீர்கள். தரவில்லை. தராமல் அதிலிருந்து ஒரு திரைக்கதையும் எழுதி முடித்துவிட்டீர்கள். பெரியம்மாவிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. சொல்லியிருந்தால் எழுதாமல் இருந்திருப்பீர்களா? அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுப் படித்தவர் நீங்கள். வெளியாள் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் திருட்டு என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். உங்கள் விஷயத்தில் அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

சத்யஜித் ராய் ‘பதேர் பாஞ்சாலி’ எடுக்க நினைத்தபோது விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம்கூட எடுத்ததில்லை. நாவலாசிரியர் விபூதிபூஷண் 1950இலேயே இறந்துவிட்டார். ராய் அவருடைய மனைவியிடம் அனுமதி கேட்டார். அந்த அம்மாளும் சம்மதித்தார், பணம் பற்றிய பேச்சுகூட அப்போது முடிவாகவில்லை. அப்புறம் ராய் கைக்காசு கரைந்து, மனைவியின் நகைகளை அடகு வைத்து, நடுவில் படப்பிடிப்பு நின்று, 1955இல்தான் படம் வந்தது. அந்த அம்மாளின் வார்த்தை மட்டும் கடைசிவரை மாறவில்லை.

இன்னொருவரும் இருந்தார், ஜெர்மன் இயக்குநர் முர்னாவ். முத்திரை என்றால் அப்படியொரு முத்திரை. அனுமதி வாங்காமல் ‘டிராகுலா’ நாவலை எடுத்து, டிராகுலா பிரபுவை ஓர்லோக் பிரபு ஆக்கி 1922இல் ‘நோஸ்ஃபெராட்டு’ வந்தது. பெயரை மாற்றினால் போதும் என்று உங்களைப் போலவே அவர்களும் நினைத்திருக்கலாம். நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். தயாரிப்பு நிறுவனம் திவாலானது. பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி 1925இல் தீர்ப்பு. எப்படியோ தப்பிய சில பிரதிகளால்தான் இன்று அதைப் பார்க்கிறோம்.

உங்கள் பெரியம்மா வழக்கெல்லாம் போட மாட்டார். அந்தத் தைரியத்தில்தானே இருக்கிறீர்கள்?

முடிவை மாற்றினேன் என்கிறீர்கள். திரைக்கதைக்கு அது தேவைப்படலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அச்சாகாத அந்த நோட்டை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்தவர் பெரியம்மா. அதில் வருகிற பெண் யார், எது நடந்தது, எது கற்பனை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். நீங்கள் மாற்றியது அவருடைய வாழ்க்கையின் ஒரு பக்கமாகக்கூட இருக்கலாம். தியேட்டரில் உட்கார்ந்துதான் அவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா? பெரியம்மாவுக்குச் சினிமா தெரியாது என்று சமாதானம் சொல்லாதீர்கள். தன் வீட்டுக்காரர் எழுத்து அவருக்குத் தெரியும்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். எழுதியவர் இருக்கும்போது வெளிவராத எழுத்து என்றால், அது முதன்முதலில் வெளியாகி 60 வருடம் வரை காப்புரிமை வாரிசுகளுக்கு. பெரியப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கும் பங்கு உண்டு, அவர் கையெழுத்தும் வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஓடிடிக்கு விற்கும்போது இது கழுத்தைப் பிடிக்கும். எந்தத் தயாரிப்பாளரும் முதலில் கேட்கப்போவது இந்தக் காகிதத்தைத்தான்.

தம்பி, போனில் பேசி முடிக்கிற வேலை இல்லை இது. நோட்டை எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு ரயில் ஏறுங்கள். முதலில் அதை அவர் கையில் கொடுங்கள். அப்புறம் உட்கார்ந்து திரைக்கதையை முழுதாகப் படித்துக் காட்டுங்கள், மாற்றிய முடிவையும் சேர்த்து. சரி என்றால், டைட்டிலில் பெரியப்பா பெயர் தனி கார்டில் வர வேண்டும், உங்கள் பெயர் வருகிற அதே அளவில். பணம் எவ்வளவு என்பதை அக்காவை வைத்துப் பேசுங்கள், பெரியம்மா வேண்டாம் என்று கையை ஆட்டினாலும்.

முடியாது என்று சொல்லிவிட்டால் அந்தத் திரைக்கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள். சொந்தச் சரக்கு இருக்கிறது என்றுதானே நண்பர்கள் சொல்கிறார்கள்.