அஞ்சு மைலுக்குள்ள ஒரு கொத்தனார்

அன்புள்ள ஐயா,

நான் பாளையங்கோட்டைக்காரன். கூடப் படிச்ச ரெண்டு பேரோட சேந்து நாலு வருசமா சின்னதா ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் நடத்துறேன். மண் கல்லு, சுண்ணாம்பு, பழைய மரம், இது மூணும்தான் எங்க வேலை. ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் மாதிரி அஞ்சு மைல் சுத்தளவுல கெடைக்கிறத வச்சே கட்டணும்ங்கறது கொள்கை. இதுவரைக்கும் ஏழு வீடு முடிச்சிருக்கோம். போன வருசம் ஒரு ஆச்சி எங்க சுண்ணாம்புத் தரையில கால் வச்சதும் செருப்ப கழட்டிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க. ஆனா வர்றவங்க பாதிப்பேர் மண் வீடு வெள்ளத்துல நிக்குமான்னு கேட்டுட்டு காங்கிரீட்டுக்குப் போயிடறாங்க. வேலைக்கு புதுச்சேரி பக்கத்துல இருந்து டீம் வர்றாங்க, அந்த செலவும் கட்டுப்படி ஆகல. எங்க கதையையும் கொள்கையையும் ஒரு புக்லெட்டா போடலாம்னு இருக்கோம், டிராஃப்ட் அனுப்பிருக்கேன். எப்படி எழுதுனா ஜனங்க நம்புவாங்க? இல்ல, பேசாம கோயம்புத்தூர் போயிடவா?

*

தம்பி,

ஒங்க கடிதம் வந்தன்னைக்கி நான் எங்க வீட்டு புறவாசல் செவத்த பாத்துக்கிட்டுதான் ஒக்காந்திருந்தேன். அதனாலதான் ஒடனே எழுதுதேன்.

மொதல்ல சின்ன விஷயங்கள முடிச்சிருவோம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுனத பாத்த சனம் வெள்ளத்தப் பத்தி கேக்கத்தான் செய்யும், அதுல கோவிச்சுக்கிட என்ன இருக்கு. கீழ கருங்கல்லுல ஒசத்திக் கட்டுங்க, மேல சாய்ப்ப நல்லா நீட்டி விடுங்க, ஆத்தோரப் பள்ளத்துல மனை வாங்குனவருக்கு மண்ணுல கட்டித் தர மாட்டோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருங்க. கோயம்புத்தூர் போறதும் போகாததும் ஒங்க பாடு.

அந்த அஞ்சு மைலுக்கு வாரேன். லாரி பேக்கர் ஊருக்குத் திரும்பக் கப்பலுக்குக் காத்துக்கிட்டிருந்த சமயம் பம்பாயில காந்தியப் பாத்தாரு, அஞ்சு மைலுக்குள்ள கெடைக்கிற பொருள வச்சு கட்டுனதுதான் நல்ல வீடுன்னு காந்தி சொன்னாரு, பர்மிங்காம்ல பொறந்த அந்த மனுசன் 2007ல திருவனந்தபுரத்துல கண்ண மூடுத வரைக்கும் அத விடல. எல்லாம் சரி. நம்ம ஊர்ல வச்சு அந்தக் கணக்கப் போட்டுப் பாருங்க. திருநெல்வேலி ஜங்ஷன்லருந்து தாழையூத்து எவ்வளவு தூரம்? 1949லயே அங்க சிமெண்ட் ஆலை வந்தாச்சு. மைல் கணக்கு மட்டும்தான்னா நமக்கு சிமெண்ட்ட விட உள்ளூர்ச் சாமான் எது? தாமிரபரணி ஆத்து மணலும் பக்கந்தான், அந்த மணல அள்ளக்கூடாதுன்னு நல்லகண்ணு ஐயா தள்ளாத வயசுல தானே கோர்ட்டுல நின்னு பேசி 2010ல தடை வாங்கினாரு. சரி, பாறைய ஒடச்சு செய்யுத எம்-சாண்ட்னு போனா குவாரியும் பக்கந்தான், அடைமிதிப்பான்குளத்துல 2022 மே மாசம் பாறை சரிஞ்சு நாலு உசிரு போச்சே. பக்கத்துல கெடைக்கிங்கறது மட்டும் ஒரு கொள்கையாகாது தம்பி.

நீங்க பொருள அளந்துட்டீங்க, மனுசன அளக்கல. மண் உள்ளூரு, மரம் உள்ளூரு, கட்டுத கை மட்டும் எட்டு மணி நேரம் பஸ்ல வருது. இத எழுதும்போது ஒங்களுக்கே உறுத்தலையா?

எங்க வீடு வீரவநல்லூர்ல தாத்தா காலத்து வீடு. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும். 2014ல புறவாசல் செவத்துல கீழ்ப்பக்கம் பொரிஞ்சு உதுந்துச்சு. ஒரு கான்ட்ராக்டர கூப்பிட்டேன். அவரு பழைய பூச்ச கொத்தி எறிஞ்சுட்டு சிமெண்ட்ட பூசி, மேல பிளாஸ்டிக் பெயிண்ட அடிச்சு, நூறு வருசம் தாங்கும் அண்ணாச்சின்னு சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு மழைதான். செவரு மனுசனுக்கு வேர்க்கமாரி வேர்க்க ஆரம்பிச்சுது, அடியில புடைச்சுக்கிட்டு வந்துச்சு. தரையிலருந்து ஏறுத ஈரம் சுண்ணாம்பு வழியா காத்துல போயிரும், சிமெண்ட்டுக்குப் பின்னால மாட்டுனா போக எடமில்லாம உள்ள இருக்க செங்கல அரிக்கும். இது அன்னைக்கி எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆளத் தேடி அம்பாசமுத்திரத்துலருந்து சேரன்மகாதேவி வரைக்கும் அலைஞ்சேன். கடைசியில ஒரு கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா இருந்தாரு ஒரு பெரியவரு, அப்பவே எழுவத தாண்டிருக்கும், சுண்ணாம்புக் கரண்டிய தொட்டு இருவது வருசம் ஆச்சுன்னாரு.

வந்தாரு. ஒண்ணும் பேசல. செவத்துல காத வச்சு, வெரல் முட்டியால கீழருந்து மேல வரைக்கும் தட்டிக்கிட்டே போனாரு, சத்தம் பொள்ளலா கேட்ட எடத்துல எல்லாம் கரித்துண்டால ஒரு கோடு போட்டாரு. பொறவு கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி குழியில நீத்து மூடி வச்சாரு. கடுக்காய தட்டி பானையில ஊறப் போட்டு, கருப்பட்டியும் கலந்து, தினம் காலையில வந்து அந்தத் தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாப்பாரு. இன்னும் துவர்ப்பு எறங்கலன்னு போயிருவாரு. சாந்த கரண்டியில எடுத்து தலைகீழா கவுத்துவாரு, விழாம ஒட்டிக்கிட்டு நின்னாத்தான் செவத்துக்குப் போகும். அவரு பூசுன பக்கம் இன்னைக்கி வரைக்கும் ஒரு கீறல் இல்ல. கையில காசு தீந்துபோயி மேக்குப் பக்கத்த விட்டுட்டேன், அதத்தான் ஒங்க கடிதம் வந்தன்னைக்கி பாத்துக்கிட்டு இருந்தேன், இப்ப அது மறுபடியும் புடைக்கி.

கடைசி நாள் கூலி குடுக்கும்போது கேட்டேன், இத யாருக்கும் சொல்லிக் குடுக்கலையான்னு. "எவன் கேட்டான்" அப்படின்னாரு.

இப்ப ஒங்க ஏழு வீட்ட நெனச்சுப் பாக்கேன். பத்து வருசம் கழிச்சு ஒரு மூலையில விரிசல் விழும், விழாத வீடு ஏது. அந்த ஆச்சி யாரக் கூப்பிடும்? புதுச்சேரிக்கா போன் போடும்? தெருமுனையில நிக்க ஆளக் கூப்பிடும், அவன் சிமெண்ட்ட அப்பிட்டுப் போவான், எங்க வீட்டுக் கதைதான் அங்கயும். அப்ப ஊரு என்ன சொல்லும்? சிமெண்ட் கெடுத்துச்சுன்னா சொல்லும்? மண் வீடு இத்துப் போச்சுன்னுதான் சொல்லும். ஒங்களுக்கு அப்புறம் வர்ற பையனுக்கும் சேத்து கதவ அடச்சுட்டுப் போறீங்க. அதான் எனக்கு கோவம்.

புக்லெட்ட படிச்சேன். சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும், சிமெண்ட்டுக்கு 1450 வேணும், வெளிய விட்ட கரியமில வாயுவுல ஒரு பங்க சுண்ணாம்பு திரும்ப இழுத்துக்கிடும்னு எல்லாம் சரியாத்தான் எழுதிருக்கீங்க. ஆனா பன்னெண்டு பக்கத்துல நீங்க மூணு பேரு நிக்க போட்டோ நாலு எடத்துல இருக்கு, கரண்டி புடிச்ச கை ஒண்ணு கூட இல்ல. சித்தாள் பொம்பளைங்க முப்பது வருசமா சாந்துப் பாண்டு சுமக்காங்க, எந்த சாந்து நிக்கும் எது விழும்னு பாத்தே தெரியும், அவங்கள்ல ஒருத்தர் கையிலயாவது கரண்டியக் குடுத்தீங்களா? டீமுக்குக் குடுக்க பஸ் காசையும் தங்க வைக்க காசையும் எடுத்து நம்ம ஊர்ல நாலு பேருக்கு, கத்துக்கிடுத மாசத்துக்கும் சேத்து கூலியாக் குடுங்க. மொத ரெண்டு வீடு கோணலாத்தான் வரும், வரட்டும்.

திட்டுதேன்னு நெனைக்காதீங்க. படிச்சுட்டு ஊருக்குத் திரும்பி நாலு வருசம் தாக்குப்புடிச்ச புள்ளைங்க எத்தன பேரு இருக்காங்க? அந்த ஆச்சி செருப்ப கழட்டுன எடத்த நான் மூணு தடவ படிச்சேன்.

பெரியவருக்கு இப்ப எம்பதுக்கு மேல. சாரம் ஏற முடியாது, கீழ நாற்காலி போட்டு ஒக்காந்து சொல்லிக் குடுக்கேன்னு சொல்லிருக்காரு. தை பொறந்து மேக்குப் பக்கத்த பூசலாம்னு இருக்கேன். மூணு பேரும் வாங்க. உள்ளூர்ப் பையன் ஒருத்தனையும், ஒங்க சைட்டுல பாண்டு தூக்குத அக்கா ஒருத்தரையும் கூட்டிட்டு வாங்க, அவங்க ரெண்டு பேரு கூலியும் என் பொறுப்பு. எப்ப வாறீங்கன்னு ஒரு வாரம் முன்னாலயே சொல்லிருங்க, கடுக்காய் ஊறப் போடணும்.